துருப்பிடித்த சீர்

"போல்ட்டை வெட்டிரலாம்க்கா, சொன்னாக் கேளுங்க. கிரைண்டரைப் போட்டா ஒரே இழுப்புல கீழ விழுந்துரும்" என்றார் சாகுல் ஹமீது.

"வெட்டினீங்கன்னா உங்க கையை வெட்டிருவேன் பாய்" என்றாள் புஷ்பராணி.

அவள் தலைக்கு மேலே கார் நின்றுகொண்டிருந்தது. லிஃப்டின் நாலு கைகள் அதைத் தூக்கிப் பிடித்திருந்தன. கண்ணில் துருத்தூள் விழாமலிருக்க கணவனின் பழைய மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி, போல்ட்டுகளுக்கு எண்ணெய் அடித்துக்கொண்டிருந்தாள் அவள். ஒவ்வொரு பீச்சுக்கும் ஒரு வசவு. "இந்தா, இது உன் வாய்க்கு. இது உன் கொழுப்புக்கு. இது உன் பெண்டாட்டி தலையை ஆட்டினாளே, அதுக்கு." வசவு அத்தனையும் அவளுடைய சொந்த அண்ணன் கந்தப்புவுக்கு.

சிங்கப்பூரின் வடக்கு ஓரத்தில், கிராஞ்சியில், பூச்செடி விற்கும் நர்சரிகளுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப் அது. பஸ் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. புக்கிட் பாஞ்சாங்கில் ஏறி, இங்கே இறங்கி, லாரிகள் வாரியடிக்கும் சேற்றுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்து, தினமும் மத்தியானம் வந்துவிடுகிறாள் புஷ்பராணி. கையில் இடியாப்பமும் சொதியும் இருக்கும். சாகுல் ஹமீது இடியாப்பத்துக்கு உயிரை விடுகிற மனிதர். அதனால்தான் ஒரு வாடிக்கைக்காரி தன் லிஃப்டுக்கு அடியில் நின்று வேலை பார்ப்பதை வாயை மூடிக்கொண்டு பொறுத்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டு என்று சொல்லக்கூடாது. அவருக்கு அது வராது.

"அக்கா, இருபத்தெட்டு வருஷமா ஸ்பேனர் பிடிக்கிறேன். துருப்பிடிச்ச இரும்பு ஆர்மை யாரும் பத்திரமா எடுக்கணும்னு கேட்டதில்ல. எடுத்தாலும் குப்பைக்குத்தானே போவப்போவுது?"

"குப்பைக்குப் போகாது. சீர்த்தட்டுக்குப் போவுது."

சாகுல் ஹமீது இடியாப்பத்தைப் பிய்த்த கையோடு நிமிர்ந்தார். "என்னாது?"

"ஞாயித்துக்கிழமை அண்ணன் மகளுக்கு நிச்சயம். லிட்டில் இந்தியாவுல ஹால் எடுத்துருக்காங்க. நான் பொண்ணுக்கு அத்தை. எங்க வழக்கப்படி முதல் தட்டு என் தட்டுதான். அதைத் திறந்து எல்லாருக்கும் காட்டினதுக்கு அப்புறந்தான் மத்த தட்டு. ஆப்பிள் இருக்கும், ஆரஞ்சு இருக்கும்னு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எட்டிப் பாப்பாங்கல்ல? இது இருக்கும். உடைஞ்ச வாயோட, துருவோட, முழுசா."

"அட அல்லாவே!" என்றார் அவர். ஆனாலும் மனிதருக்கு முகத்தில் ஒரு ஆசை தெரிந்தது. நானும் வந்து பார்க்கலாமா என்று கேட்காததுதான் பாக்கி.

நடந்தது இதுதான். லோவர் ஆர்ம் என்று அவர்கள் சொல்வது, காரின் அடியில் முன்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் இரும்புக் கை. ஒருநாள் காலை, தொழிலாளர் விடுதிக்குச் சாப்பாடு ஏற்றிக்கொண்டு புஷ்பராணியின் கணவன் கஜன் இதே கிராஞ்சி ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது அந்தக் கை ஒரு பக்கம் பிய்ந்துவிட்டது. சக்கரம் மடங்கிக்கொண்டது. கார் ரோட்டோர மரத்தில் போய் முட்டியது. சாம்பார் பானை பின்னாலிருந்து முன்னால் வந்து, கஜன் நடுவில் நசுங்கி, தொடை எலும்பு முறிந்து, நல்லவேளை உயிர் மிஞ்சியது. இப்போது தொடைக்குள் கம்பி வைத்துக்கொண்டு சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். வீட்டில் நடந்துவந்த சாப்பாட்டு வியாபாரம் பாதியாகச் சுருங்கிவிட்டது.

கார் கந்தப்பு கொடுத்தது. சில வருஷத்துக்கு முன்னால், ஜூரோங் கப்பல் பட்டறையில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றபோது, "எனக்கு இனிமே எதுக்கு, நீ வெச்சுக்க, சாப்பாடு ஏத்த ஆகும்" என்று தங்கைக்கு இனாமாகக் கொடுத்தான். பழைய கார்தான். ஆனால் மேலே பார்த்தால் முகம் தெரியும், அப்படித் துடைத்து வைத்திருந்தான்.

கொடுத்ததைக்கூட அவள் மன்னித்திருப்பாள். ஆஸ்பத்திரியில் அவன் பேசினானே ஒரு பேச்சு! கஜன் மயக்க மருந்து தெளியாமல் முனகிக்கொண்டிருக்கிறான். கட்டிலின் கால்மாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற கந்தப்பு சொன்னான்: "வண்டியில என்ன குறை? இத்தனை வருஷம் நான் ஓட்டினேன், ஒரு கீறல் இல்ல. ஓட்டத் தெரியாதவன் கையில குடுத்தது என் தப்பு." பக்கத்தில் அண்ணி, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். நர்ஸ் இருந்தாள், அடுத்த கட்டில்காரர் இருந்தார், கஜனின் தம்பி இருந்தான். கஜன் அதைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அந்தக் கண் மூடலை நினைத்தால் புஷ்பராணிக்கு இப்போதும் வயிறு எரிந்தது.

நொறுங்கிய காரை இழுத்து வந்து லிஃப்டில் ஏற்றிய அன்று, அடியைப் பார்த்துவிட்டு சாகுல் ஹமீது சொன்ன வார்த்தை அந்த எரிச்சலுக்கு எண்ணெய் ஊற்றியது. "என்னாக்கா இது? சிங்கப்பூர்ல மழைதான் உண்டு, பனி உண்டா? பனிக்கு ரோட்டுல உப்பு கொட்டுற ஊர்லதான் வண்டி இப்படி அரிக்கும். இது உப்புத்தண்ணி வேலை. கடலோரம் நின்ன வண்டியா?"

கடலோரம் நின்ற வண்டியா! ஜூரோங்கில் கப்பல் கட்டுகிற ஜெட்டி ஓரமாக, அலை தெறிக்கிற இடத்தில் அல்லவா வருஷக்கணக்காக நிறுத்தினான்! நிழல் கிடைக்கிறதென்று அவனே பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அரித்துப் போனதைத் தங்கை தலையில் கட்டிவிட்டு, ஓட்டத் தெரியாதவன் என்று பட்டம் வேறு. அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள்.

அந்த முடிவுக்காகத்தான் இத்தனை பாடு. துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றுவது அடாவடி வேலை இல்லை. முதலில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து உதிர்கிறதையெல்லாம் உதிர்க்க வேண்டும். பிறகு எண்ணெய், தலைப்பக்கமும் வால்பக்கமும். பிறகு சுத்தியலால் மெல்லத் தட்டவேண்டும், எண்ணெய் உள்ளே இறங்குவதற்கு. பிறகு விட்டுவிட வேண்டும். மறுநாள் மறுபடியும். அவசரப்பட்டு முறுக்கினால் போல்ட்டின் தலை துண்டாகிக் கையோடு வந்துவிடும், அப்புறம் வெட்டத்தான் வேண்டும். கழற்றுவதற்கு முன்னால் மாட்ட வேண்டியதெல்லாம் கையில் இருக்கவேண்டும் என்று, உடைபட்ட வேறொரு காரிலிருந்து, ஆர்மைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தையும் ஆர்மையும் வாங்கிவந்து, புது போல்ட்டுகளோடு சுவரோரமாக அடுக்கியும் விட்டார் சாகுல் ஹமீது.

"கோவக்காரங்களுக்கு இந்த வேலை வராது, தெரியுமா?" என்றார். "நீங்க என்னடான்னா கோவத்தை வெச்சுக்கிட்டே பொறுமையா செய்யுறீங்க. பயமா இருக்கு லா."

"சாப்பிடுங்க பாய், ஆறுது" என்றாள் புஷ்பராணி. போல்ட்டுக்கு இன்னொரு தடவை எண்ணெய் அடித்தாள்.

வீட்டில் கஜன் கெஞ்சினான். அவன் சாது. கோபம் வந்தால்கூடக் காப்பி கேட்கிற மாதிரிதான் கேட்பான்.

"புஷ்பா, பிள்ளையோட நிச்சயம். ஆரணி என்ன பாவம் பண்ணிச்சு?"

"ஆரணிக்கு வேற தட்டு இருக்கு. பட்டுச்சேலை எடுத்து வெச்சுருக்கேன். இது அவ அப்பனுக்கு."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க?"

"உங்களை என்ன நெனச்சாங்க? அந்த நர்ஸ் என்ன நெனச்சா? முப்பது வருஷம் கம்பெனி பஸ் ஓட்டின மனுஷனை ஓட்டத் தெரியாதவன்னு சொல்லிட்டுப் போறான். நீங்க கண்ணை மூடிக்கிட்டீங்க. நான் மூடமாட்டேன்."

அப்போது போன் அடித்தது. ஆரணிதான். "அத்தை, சண்டே சீக்கிரம் வந்துடுங்க, ப்ளீஸ். அப்பா எதுவுமே பேச மாட்றாரு. தூங்குறதும் இல்ல. ஹால் டெக்கரேஷன்கூட நான்தான் பாத்தேன். நீங்க வந்தாதான் எனக்குத் தைரியமா இருக்கும். ஃபர்ஸ்ட் தட்டு உங்களோடது, மறந்துடாதீங்க."

"அத்தை மறப்பேனா கண்ணு?" என்று புஷ்பராணி தேன் ஒழுகச் சொன்னாள். போனை வைத்துவிட்டுத் தேங்காய் துருவப் போனாள். தூங்கவில்லையாம். தூங்காமல் கிடக்கட்டும் என்று அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் கழற்றுவது என்று ஏற்பாடு. வானம் உடைந்துகொண்டு பெய்தது. தகரக் கூரையின் இரைச்சலில் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது. சாகுல் ஹமீது பேட்டரி வயரைக் கழற்றினார், சட்டத்துக்கு அடியில் முட்டுக்கொடுத்தார், போல்ட்டைச் சுற்றி நெருப்புக் காட்டினார். "இப்ப இந்த பிளாஸ்டிக் மூடியை எடுக்கணும். இதுக்கு மேலதான் துருவோட தலைநகரமே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே, அடியை மூடியிருந்த கறுப்பு பிளாஸ்டிக் தகட்டைப் பிடித்து இழுத்தார்.

தகட்டோடு சேர்ந்து ஏதோ பொத்தென்று விழுந்தது. குனிந்து எடுத்தார். இறுகிப்போன கறுப்புத் துணி மூட்டை, கைக்கு அடக்கமாக. சட்டத்தின் பொந்துக்குள் கையை விட்டார். இன்னொன்று. அதற்குப் பின்னால் இன்னொன்று. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தன. சில ஈரமாக, சில பாறையாக, சில வெறும் துணியாக.

"எலிக்கூடா? இல்லையே…" ஒன்றைப் பிரித்தார். வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது, நடுவே நாலைந்து காய்ந்த மிளகாய். விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்பு!"

அவர் கண் விரிந்தது. "அக்கா, இது செய்வினை லா! யாரோ வேணும்னே வெச்சுருக்காங்க. உப்பு கசிஞ்சு கசிஞ்சு இந்தச் சட்டம் பூரா அரிச்சுருக்கு. கடலும் இல்ல, ஒண்ணும் இல்ல. பாருங்க, மூட்டை இருந்த எடத்துலதான் துரு. தள்ளிப் போனா இரும்பு நல்லாத்தான் இருக்கு. உங்க அண்ணன் வீட்டுல யாரோ…"

புஷ்பராணி மூட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அது அவளுடைய பழைய கறுப்புப் பாவாடை. மூட்டையின் வாயைச் சுற்றிப் போட்டிருந்த தையல் அவள் போட்ட தையல்.

கார் வீட்டுக்கு வந்த அன்று, அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நின்று அண்ணி அதைப் பார்த்தாள் ஒரு பார்வை. தன் வண்டி இன்னொருத்தி கைக்குப் போகிறதே என்கிற பார்வை. புஷ்பராணிக்கு அது சுருக்கென்றது. அன்றைக்கே இரண்டு கைப்பிடி கல்லுப்பும் மிளகாயும் வைத்து மூட்டை தைத்து, "கண்ணுக்குத் தெரியாத எடமா, அடியில கட்டுங்க" என்று கஜனிடம் கொடுத்தாள். அதிலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் புது மூட்டை. போன மாத உப்பு என்ன ஆயிற்று என்று கேட்பாள். "கரைஞ்சு போச்சு" என்பான் கஜன். பார்த்தாயா, அண்ணியின் கண் எப்பேர்ப்பட்ட கண் என்று, அடுத்த மூட்டையில் ஒரு கைப்பிடி கூடுதலாகப் போடுவாள்.

சாகுல் ஹமீது பேச்சை நிறுத்தியிருந்தார். அது நடப்பது அபூர்வம். அவள் முகத்தைப் பார்த்தார், துணியைப் பார்த்தார்.

"அக்கா… இது உங்களோடதா?"

"பாய், இடியாப்பம் ஆறுது."

"அப்ப உங்கண்ணன் மேல தப்பில்லையே."

"எப்படி இல்ல?" அவள் சீறினாள். "நான் எதுக்கு உப்பு வெச்சேன்? அவன் பெண்டாட்டி கண்ணு வெச்சா, அதுக்கு வெச்சேன். அவ கண்ணு வெக்கலேன்னா நான் எதுக்கு உப்பு வெக்கப்போறேன்? அப்ப யாரு காரணம்?"

"இந்தக் கணக்கு எனக்குப் புரியல லா."

"புரிய வேணாம். போல்ட்டைக் கழட்டுங்க."

கழற்றினார். நீளக் குழாயை ஸ்பேனரில் சொருகி, இருவரும் சேர்ந்து தொங்கினார்கள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கிரீச்சென்று ஒரு சத்தம், பல்லைக் கூசவைக்கிற சத்தம். போல்ட் கொஞ்சம் அசைந்தது. மறுபடி எண்ணெய், மறுபடி நெருப்பு, முன்னும் பின்னும் முறுக்கி முறுக்கி, கடைசியில் முழுசாக வெளியே வந்தது. அதன் பின்னாலேயே அந்த இரும்புக் கை, பிய்ந்த வாயோடு, அவள் இரண்டு உள்ளங்கைகளிலும் வந்து இறங்கியது. சாகுல் ஹமீது துணியால் துடைக்கப் போனார்.

"துடைக்காதீங்க" என்றாள். உப்பு மூட்டைகளை ஒன்று விடாமல் பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். "இதை நீங்க பாக்கல. சரியா?"

"நான் எதையும் பாக்கல" என்றார் சாகுல் ஹமீது. அன்றைக்கு இடியாப்பத்தை அவர் தொடவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக கஜனைப் பிடித்துக்கொண்டாள்.

"பழைய மூட்டையெல்லாம் என்ன பண்ணீங்க?"

கஜன் விழித்தான். "எந்த மூட்டை?"

"உப்பு மூட்டை! புதுசு கட்டும்போது பழசை ஓடுற தண்ணியில விடச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னே."

"விட்டீங்களா?"

"எங்க விடுறது?" கஜனுக்கே கொஞ்சம் குரல் உயர்ந்தது. "லாங்காங்கு வாய்க்கால்ல போட்டா ஃபைன் போடுவான். மேல கேமரா வெச்சுருக்கான். குப்பையில போடலாம்னா, போட்டா குடும்பத்துக்கே ஆகாதுன்னு நீதான் சொன்னே. அப்புறம் நான் என்ன பண்ணுவேன்? உள்ள தள்ளிட்டு அதுக்கு மேல புதுசை வெச்சேன். நீ கேட்டா கரைஞ்சு போச்சுன்னு சொன்னேன். பாதி கரைஞ்சுதான் இருந்துச்சு."

அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னாள். கஜன் குனிந்து தன் காலைப் பார்த்தான். பிறகு, யாரும் எதிர்பார்க்காத விதமாக, அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தொடை வலிக்க வலிக்கச் சிரித்தான்.

"சிரிக்காதீங்க!"

"சரி, சிரிக்கல. மச்சானுக்குப் போன் பண்ணு. சொல்லிடு."

"எதைச் சொல்ல? ஓட்டத் தெரியாதவன்னு அவன் சொன்ன வார்த்தை உப்பாலயா வந்துச்சு? அது அவன் வாயிலேருந்து வந்துச்சு. கார் எதனால உடைஞ்சா எனக்கென்ன? அந்த வார்த்தைக்கு அவன் பதில் சொல்லணும்."

"அப்ப அந்த வார்த்தைக்குத் திட்டு. இரும்பைக் கொண்டு போகாதே."

"இரும்பு இல்லாம திட்டினா அவன் திருப்பித் திட்டுவான். எனக்குத் தெரியாதா அவனை?"

கஜன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அவள் வெள்ளித்தட்டை எடுத்துப் புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவைக் கேட்க வேண்டுமா! லீவு நாள். விடுதிகளிலிருந்து வந்த ஊர்ப் பையன்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, போனில் வீடியோ காட்டிக்கொண்டு, ரோட்டை அடைத்து நின்றார்கள். பூக்கடைகளில் மல்லிகை மணத்தது, பக்கத்துக் கடையில் மீன் பொரிந்தது. டாக்சியிலிருந்து கஜனை நாற்காலியில் இறக்கி, ஹால் இருந்த மாடிக்கு லிஃப்டில் ஏற்றி, மறுபடி இறங்கிப் போய்த் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள் புஷ்பராணி. சிவப்புப் பட்டுத்துணி போட்டு மூடி, நாலு மூலையையும் ஊசியால் குத்தியிருந்தாள். மேலே ஒரு முழம் மல்லிகை. யாரும் வாங்கிப் பிடிக்க வந்தால், "இல்ல இல்ல, நானே கொண்டாறேன்" என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நெஞ்சு திக்திக்கென்று அடித்துக்கொண்டது. பயத்தால் இல்லை. ஆசையால்.

ஆரணி பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். அத்தையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. எதிரே மாப்பிள்ளை ரித்திக், அவன் அப்பா அம்மா, ஒரு படை உறவுக்காரர்கள். தட்டுகள் கம்பளத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கந்தப்பு ஒரு மூலையில் நின்றான். வேட்டி கட்டியிருந்தான், சட்டை தொளதொளவென்று தொங்கியது. இவ்வளவு இளைத்துவிட்டானா என்று ஒரு கணம் தோன்றியது. இளைக்கட்டும்.

"பொண்ணோட அத்தை தட்டு முதல்ல வரட்டும்" என்று ஒரு பெரியவர் குரல் கொடுத்தார்.

புஷ்பராணி எழுந்தாள். தட்டைத் தூக்கிக்கொண்டு நடுவே வந்தாள். முதல் மூலையின் ஊசியைக் கழற்றினாள், இரண்டாவதில் விரலை வைத்தாள். அப்போது கந்தப்பு குறுக்கே வந்தான்.

"ஒரு நிமிஷம். சம்பந்தி வீட்டுக்காரங்க எல்லாரும் இருக்கீங்க. தட்டு மாத்துறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லியாகணும். சொல்லாம என் மகளைக் குடுத்தா எனக்கு மனசு ஆறாது."

ஹால் அடங்கியது. அண்ணி, "என்னங்க, இப்ப எதுக்கு?" என்று கிசுகிசுத்தாள். அவன் கேட்கவில்லை.

"அந்தா உக்காந்துருக்காரே, அவர் என் தங்கச்சி புருஷன். என் காரை ஓட்டப் போய்த்தான் கால் ஒடைஞ்சுது. ஆஸ்பத்திரிக்குப் போனவன் பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சிருக்கணும். நான் என்ன பண்ணேன்? ஓட்டத் தெரியாதவன்னு சொன்னேன். நாலு பேரு முன்னாடி சொன்னேன். ஏன் சொன்னேன்னு எனக்குத் தெரியும். பயம். ஜெட்டி ஓரம் நிறுத்தி நிறுத்தி, உப்புக் காத்துல அடி அரிச்சுப் போயிருக்கும்னு அங்க நிக்கும்போதே தோணிருச்சு. குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை குனிஞ்சு பாத்தேனா? மேல மட்டும் துடைச்சேன். என் கையாலயே கொல்லப் பாத்தேன்."

அவன் கஜனின் நாற்காலிக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தான். கம்பி வைத்த காலின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "மாப்ளே, நாலு பேரு முன்னாடி சொன்னதை நாலு பேரு முன்னாடியே திருப்பி எடுத்துக்கிறேன். மன்னிச்சுரு."

கஜன் நெளிந்தான். "ஐயோ மச்சான், எந்திரிங்க… அது வந்து… கார்ல…" என்று ஆரம்பித்துவிட்டுப் புஷ்பராணியைப் பார்த்தான். சொல்லட்டுமா என்று கேட்கிற பார்வை. அவள் கண்ணாலேயே அவன் வாயை அடைத்தாள்.

எத்தனை நாள் இதைக் கனவு கண்டாள்! அண்ணன் தரையில் உட்காரவேண்டும், சம்பந்தி வீடு பார்க்கவேண்டும், அண்ணி தலை குனியவேண்டும். எல்லாம் நடந்துவிட்டது. இனித்திருக்க வேண்டும். இனிக்கவில்லை. நாக்கு நுனியில் உண்மை நின்றது. அத்தனை முகங்களும் அவளையே பார்த்தன. உப்பு கட்டினேன், நான்தான் கட்டினேன் என்று இந்தக் கூட்டத்தில் சொல்வதா? ரித்திக்கின் அம்மா சிரிப்பாள். அண்ணி காலம் முழுக்கச் சொல்லிக் காட்டுவாள்.

"விடுண்ணே. மன்னிச்சாச்சு" என்றாள்.

பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இப்படி ஒரு தங்கை யாருக்குக் கிடைப்பாள் என்று மாப்பிள்ளையின் அப்பா உரக்கவே சொன்னார். கந்தப்பு எழுந்து வந்து, "குடும்மா, நான் வாங்கிக்கிறேன்" என்று தட்டைப் பிடித்தான். அவள் விடவில்லை. அவன் இழுத்தான். மல்லிகைச் சரம் கீழே விழுந்தது.

"என்ன புஷ்பா, இவ்வளவு கனமா இருக்கு?"

அவள் ஊசியை ஏற்கெனவே கழற்றியிருந்த மூலை சரிந்தது. கந்தப்பு உள்ளே பார்த்தான். துரு, பிய்ந்த வாய், எண்ணெய்ப் பிசுக்கு. பதினாலு வருஷம் ஓட்டின காரின் இரும்பு அவனுக்குத் தெரியாதா? இதை எதற்குத் தட்டில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்பதுதான் தெரியாதா? அவன் முகத்தில் இரத்தமே இல்லை.

"என்ன தட்டு அது? வெள்ளிச் சாமானா?" என்று ரித்திக்கின் அம்மா கழுத்தை நீட்டினாள்.

கந்தப்பு துணியை இழுத்து மூடினான். "எங்க வீட்டுப் பழக்கம், சம்பந்தி. அத்தை தட்டை சபையில காட்டுவோம், வீட்டுக்குக் கொண்டு போய்த்தான் திறப்போம்" என்றான். அப்படி ஒரு பழக்கம் அவர்கள் வம்சத்திலேயே கிடையாது. பிறகு அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி, "எனக்கு இது வேணும்தான் புஷ்பா. நீ செஞ்சது சரிதான்" என்றான்.

தட்டைக் கொண்டுபோய்த் தன் நாற்காலிக்கு அடியில் வைத்தான். சடங்கு நடந்தது. பாக்கு வெற்றிலை மாற்றினார்கள், ஆரணிக்கு மோதிரம் போட்டார்கள், அத்தை எடுத்த பட்டை எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். புஷ்பராணி எல்லாவற்றுக்கும் கைதட்டினாள்.

பந்தியில் கந்தப்புவே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து பரிமாறினான். கஜனுக்கு வடையைப் பிய்த்துப் போட்டான். தங்கைக்குக் கேசரி வைத்தான், வைத்ததற்கு மேல் இன்னொரு கரண்டி வைத்தான்.

"அண்ணே" என்றாள் புஷ்பராணி. "அந்தக் கார்ல வந்து…"

"காரைப் பத்திப் பேசாதம்மா. சாப்பிடு. உனக்குக் கேசரி பிடிக்கும்ல."

அவன் கண் கலங்கியிருந்தது. கோபம் துளி இல்லை. அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சின்ன வயதிலிருந்து ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் பேசுகிறவன், இன்றைக்குப் பார்த்து நல்லவனாகிவிட்டான். சபையில் அவமானப்படுத்த வந்த தங்கையின் இலையில் கேசரி வைத்துக்கொண்டு நிற்கிறான். பக்கத்தில் கஜன் அவளைப் பார்க்காமல் வடையை மென்றுகொண்டிருந்தான். புஷ்பராணி கேசரியைப் பிசைந்தாள், வாய்க்குக் கொண்டு போனாள், மறுபடி இலையில் வைத்தாள். ஒரே ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவன் திருப்பித் திட்டியிருந்தால் போதும், அவள் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள்.